பத்து இருக்கா?

கரண்ட் போன மறுநொடியே லீலா எழுந்துவிட்டார். பட்டறையில் மற்றவர்கள் "அய்யோ" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் உள்ளங்கை சிவப்புப் பொத்தானின் மேல் விழுந்திருந்தது. அடுத்து மோட்டார் ஸ்விட்சைத் திருப்பினார். தூசி உறிஞ்சும் மெஷினை அணைத்தார். எல்லாம் முடித்துத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போன கரண்டுக்கு எதுக்குங்க்கா பூட்டு?" என்று சிரித்தார் தச்சர் கணேசன்.

"அது போனபடியே இருந்தா பூட்டு வேணாம் கணேசண்ணா. திரும்பி வருமே, அதுக்குத்தான்."

ஹனூர்ப் பக்கத்துக்காரரான கணேசன் அவரை அக்கா என்பார். லீலா அவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் வயது நாற்பத்தைந்துக்கு முன்பின்தான். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை.

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட பொதுப் பட்டறை அது. சொந்தமாக மெஷின் வாங்க வழியில்லாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வேலை செய்துகொண்டு போகலாம். நடுவில் கல்யாணக் கட்டில் அளவுக்குக் கால் பரப்பி நிற்கிறது, கணினி சொல்கிற வழியில் மரத்தைக் குடைந்து செதுக்கும் சி.என்.சி. ரௌட்டர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் லீலாவின் வேலை. பழைய மெஷின். மோட்டாருக்குத் தனி ஸ்விட்ச். அதை அணைக்காமல் விட்டால், போன கரண்ட் வந்ததும் யாரையும் கேட்காமல், மரத்தைக் குடையும் பிட் சுற்ற ஆரம்பித்துவிடும். கரண்ட் போனால் தானே விழுந்துகொள்ளும் ஸ்விட்ச் ஒன்று வாங்கி மாட்டுவதாக உரிமையாளர் சொல்லி ஒரு தசரா முடிந்துவிட்டது. அடுத்த தசராவும் வரப்போகிறது. அதுவரைக்கும் அந்த ஸ்விட்ச் லீலாதான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு மரப் பட்டறையில் லீலா கரண்ட் இல்லாத நேரம் பார்த்து ரம்பத்தில் சிக்கிய சிராய்களை எடுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. ரம்பம் சட்டையின் கையைப் பிடித்து இழுத்துக் கிழித்துக்கொண்டு போனது. தோலில் ஒரு கீறலோடு விட்டது. "சட்டைக்கைதானே போச்சு, அதை மறுபடி தெச்சுக்கலாம்" என்பார். சொல்லும்போது சிரிப்பார். ஆனால் இடது முழங்கையைத் தடவிக்கொள்ளாமல் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

புடவைக்கு மேல் கணவரின் பழைய அரைக்கைச் சட்டை, தலையில் வலை போட்ட கொண்டை. தாலிச் சங்கிலி சட்டைக்குள் ஊக்கு குத்தி ஒளிந்திருக்கும். கையில் வளையல் கிடையாது. பட்டறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு வணக்கம் வைக்க வேண்டும். மோதிரம், கடியாரம், போன் எல்லாம் அதற்குள். சனிக்கிழமைதோறும் புத்தக அலமாரி செய்ய வரும் விஜயநகர் யதுநந்தன் மட்டும் ஒருமுறை தகராறு பண்ணிப் பார்த்தார்.

"மேடம், இந்த வாட்ச் ஹார்ட் பீட் காட்டும்."

"ஹார்ட் எங்கயும் போகாது சார். மொதல்ல மணிக்கட்டு இருக்கட்டும். டப்பாலே போடுங்க."

போட்டார். அந்த டப்பாவின் சட்டத்துக்கு விலக்கு கிடையாது, லீலாவுக்கே கிடையாது.

மெஷினை அவர் காதால்தான் பார்த்துக்கொள்கிறார். பிட் மழுங்கினால் சத்தம் மாறும். "நேத்து பேசிட்டிருந்தது, இன்னிக்கி கத்துது பாருங்க" என்று ஓடி வந்து நிறுத்துவார். எடுத்துப் பார்த்தால் நுனி கருகியிருக்கும். மரத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டுவார். தூசியைக் கையால் தள்ளினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும்; அதற்கு பிரஷ் இருக்கிறது. சாயங்காலம் பழைய வேட்டித் துணியால் மெஷின் நகரும் இரும்புப் பாதைகளைத் துடைத்து, எண்ணெயை விரல் நுனியால் தொட்டுப் பூசுவார்.

வேலை முடிந்து கிளம்புகிறவர்களுக்கு டப்பாவிலிருந்து சாமான் சும்மா கிடைக்காது. இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். "பத்து இருக்கா? ஆய்த்து, போய்ட்டு வாங்க." இதுதான் அவர் விடை கொடுக்கும் விதம். கணேசன் வேண்டுமென்றே ஒரு விரலை மடக்கிக் காட்டுவார். லீலா அதை விரித்து எண்ணிவிட்டுத்தான் போனைக் கொடுப்பார்.

வீட்டில் இந்தப் பழக்கத்தால் பட்ட பாடு வேறு. கரண்ட் போனால் மிக்சி, அயர்ன் பாக்ஸ், டி.வி., ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்து உட்காருவார். ஒருநாள் மகள் வைஷாலி மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். "ஏம்மா, பக்கத்து வீட்லே சீரியல் ஓடறதே! நமக்கு மட்டும் என்ன?" அன்றைக்கு லீலாவின் கணவர் முரளிதரன் சிரித்த சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

போன வைகாசியில் முரளிதரனின் தங்கை மகளுக்கு நஞ்சன்கூட்டில் கல்யாணம். லீலா லீவு போட்டார். கணேசனுக்கோ இரண்டு நாளில் ஒரு கிரகப்பிரவேச வீட்டுக்குக் கதவு கொடுத்தாக வேண்டும். அதில் செதுக்கும் மயில் பாதியில் நிற்கிறது. இரண்டு வருஷமாக அந்த மெஷினை ஓட்டுகிறவர்தான். ஆனால் லீலா பக்கத்தில் இல்லாமல் ஓட்டியதில்லை. லீலா ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, கடைசியில் பட்டறைச் சாவியைக் கொடுத்தார்.

சத்திரத்து மாடியில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. பட்டுப்புடவையோடு லீலா எழுந்து கதவோரப் பலகைக்குப் போய், எட்டு ஃபேன் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போனில் பட்டறை குரூப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. பக்கத்து வெல்டிங் ஷெட்டு மல்லப்பன் போட்டது: ஹெப்பாளில் கரண்ட் போவதும் வருவதுமாக ஆட்டம் காட்டுகிறதாம், அவர் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

லீலா அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். செதுக்கும்போது கரண்ட் போனால் பிட் மரத்துக்குள் சிக்கி நிற்கும். அதை விடுவிக்கக் கையை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். போவதும் வருவதுமான கரண்ட். போன கரண்டுக்குப் பூட்டு எதற்கு என்று சிரிக்கிற மனுஷர்.

கணேசனுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். அரைமணிக்குள் பத்துத் தடவை போட்டும் அதே கதி.

"எடுப்பார், விடு. அடுத்த பந்தி நம்மளுது" என்றார் முரளிதரன்.

"நீங்க சாப்பிடுங்க. நான் பஸ் பிடிச்சுப் போறேன்."

"கல்யாண வீட்லே சாப்பிடாம போவியா?"

"சாவியை நான்தானே குடுத்தேன்!" முரளிதரன் நகர்ந்து வழிவிட்டார்.

மாடிப்படியில் இறங்கும்போதே கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நஞ்சுண்டேஸ்வரா, மயில் போனால் போகட்டும், விரல் இருக்கட்டும். பதினோராவது தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. பாதிப் படியில், செருப்பு எங்கே விட்டோம் என்று யோசிக்கும்போது போன் அடித்தது.

"ஏனுங்க்கா, பதினோரு தடவ கூப்புட்டிருக்கறீங்க?"

"எங்கண்ணா போனீங்க?" என்று கத்தினார் லீலா. கீழே சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கயும் போவலீங். மெசின்கிட்டத்தான் இருந்தனுங். போனு டப்பாவுல கெடந்துச்சு. நீங்கதானுங்க்கா போடச் சொன்னீங்?"

லீலா போட்ட சட்டமே அவரை அரைமணி நேரம் வதைத்திருக்கிறது.

"கரண்ட் போனப்ப என்ன பண்ணினீங்க?"

"செவப்ப அமுக்கிப்போட்டனுங். மோட்டார் சுச்சையுந் திருப்பிட்டனுங். அப்பறந்தான் கைய உட்டனுங்." கணேசன் குரலைத் தாழ்த்தினார். "கை உள்ள இருக்கறப்ப ஒருக்கா வந்துச்சுங்க்கா. லைட்டு பளிச்சுனு எரிஞ்சுது. மெசினு கம்முனு கெடந்துச்சு. அமுக்காம உட்ருந்தா..."

"வேணாம். சொல்லாதீங்க."

அப்பாடா என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. தச்சர்கள் அடிபட்டால் சொல்ல மாட்டார்கள், துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

"போட்டோ எடுத்து அனுப்புங்க அண்ணா."

"மயிலையுங்களா?"

"மயிலை யார் கேட்டா? கையை!"

போட்டோ வந்தது. மரத்தூள் அப்பிய வலது கை, விரித்தபடி.

"இதுலே அஞ்சுதான் இருக்கு. மிச்சம் அஞ்சு?"

"போனப் புடிக்கோணுமில்லீங்க்கா!"

இரண்டாவது போட்டோவும் வந்தது. இடது கை. லீலா அதைப் பெரிதாக்கி, நகத்தால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். முதல் படத்துக்குப் போய் மறுபடி எண்ணினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினார்.

மாடியில் மூன்றாவது பந்தி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு, "அரைமணியா கரண்ட் இல்லே, என்ன ஊரோ!" என்று நஞ்சன்கூட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். சமையல்கட்டில் மிக்சி ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. முரளிதரன் தன் பக்கத்தில் ஒரு இலையைப் பிடித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். லீலா அவரைப் பார்த்து இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினார். பிறகு யாரும் கவனிக்காதபடி கதவோரப் பலகைக்குப் போய், எட்டு ஸ்விட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டார்.