பத்து நாள் கையெழுத்து

எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஒன்றே முக்கால் கிலோ எடையோடு பிழைத்துக்கொண்டாள் என் தங்கை. பள்ளிக் குலுக்கலில் நானூறு சீட்டில் அவள் சீட்டு விழுந்தது. பரிசாக வந்த கடிகாரத்தை அன்று மாலையே பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டாள். தொழிற்பயிற்சியில் நாற்பத்திரண்டு பையன்களுக்கு நடுவே ஒரே பெண், முதலாவதாகத் தேறினாள். லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஒரே ஒரு வேலைக்கு நூற்றுப் பதினெட்டுப் பேர் போனார்கள். உத்தரவு வந்தது எங்கள் வீட்டுக்கு.

அதனால் வீட்டில் அவளுக்கு ‘லக்கி’ என்று பெயர். கூப்பிட்டால் முறைப்பாள். "லக்க நம்புறவங்க நம்பட்டும். நான் கயிறப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்."

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. கம்பிக் கயிற்றின் மேல் பஞ்சை வைத்து மெல்ல இழுப்பாள். ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். பிறகு கதவில் காது வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். தான் சோதிக்காத லிஃப்ட்டில் ஏறவே மாட்டாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையையும் மூன்று மாடி நடக்கவைத்தாள். "இப்பவே பழகிக்கட்டும்" என்றாள்.

எல்லா அளவும் சரியாக இருந்தாலும் கடைசியில் தனக்குள் ஒன்று கேட்டுக்கொள்வாள்: "எங்க அண்ணன ஏத்துவேனா?" அந்த அண்ணன் நான்தான். எட்டாம் வகுப்போடு தையலுக்குப் போனவன். சிறு வயதிலிருந்தே எனக்கு இடது கால் விளங்காது. ஏதாவது ஆனால் குதித்துத் தப்ப முடியாத ஆள்.

அவளுக்கு வேலை பழக்கிய பெரியவர் ஓய்வு பெற்றபின் அவள் தனியாகப் போன முதல் இடம் ஆறு மாடி ஆஸ்பத்திரி. அங்கே இருந்தது ஒரே லிஃப்ட். நாலாம் மாடி தாண்டும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். கூண்டின் பக்கத்து உருளையைக் கழற்றினாள், புதிது மாற்றினாள். சத்தம் குறைந்தது, போகவில்லை. லிஃப்ட்டை நிறுத்தி வைத்தாள்.

இரண்டாம் நாள், சாப்பிடாமல் கிடக்கிறாளே என்று சோறு கொண்டுபோனேன். மேலாளர் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நூத்துல தொண்ணூத்தொம்பது சரியா இருக்கேம்மா!"

"மிச்சம் ஒண்ணுல யாரு நிப்பான்னு சொல்லுங்க சார், போட்டுடறேன்."

அப்போது ஆபரேஷன் முடிந்த ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். திருப்பத்தில் ஒருவருக்குக் கால் இடறியது. படுக்கை சாய்ந்து, நிமிர்ந்தது. என் தங்கை அவர்கள் பின்னாலேயே, இரண்டு கையையும் ஏந்தியபடி, ஆறாம் மாடிவரை போனாள். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"கையெழுத்துப் போடலன்னாலும் நான்தாண்ணே பொறுப்பு" என்றாள்.

சோற்றைத் தொடவில்லை. மணல் மூட்டைகளை ஏற்றி, முப்பது முறை மேலும் கீழும் தானே போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கதவு திறக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சத்தம்னு இன்னும் தெரியலண்ணே. ஆனா கூடல. அப்படியேதான் இருக்கு."

சான்றிதழில் அச்சடித்திருந்த ‘ஓராண்டு’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘பத்து நாள்’ என்று எழுதினாள். "தினம் காலைல நானே வந்து சத்தத்தக் கேப்பேன் சார்" என்றாள்.

பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"ஏறுறியாண்ணே?"

"நீ சொன்னா ஏறுறேன்."

"நான் சொல்லல. கேக்குறேன்."

ஏறினேன். என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாலாம் மாடியில் ‘டிக்’. அவள் நகம் என் சட்டைக்குள் இறங்கியது. ஆறாம் மாடியில் கதவு திறந்தது. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, சான்றிதழை என் முதுகில் வைத்து அழுத்தினாள். பேனா ஓடியது சட்டைக்கு மேலேயே தெரிந்தது: முதலில் பெயர், அதன்கீழே தேதி. 11 மார்ச் 2014.