வெள்ளை முடிக்கு அடியில்

பிள்ளைகளா, அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான் உங்களைக் கிட்டவே விடவில்லை. "நைனா, உன் மேல பூ வாசனை வருது, எங்களை வுட்டுட்டு கல்யாணத்துல துன்னுட்டு வந்தியா?" என்று சின்னவள் ஓடிவந்தாள். நான் குழாயடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் துணி சோப்பாலேயே உடம்பைத் தேய்த்துக்கொண்டேன். அது பூ வாசனை இல்லை. என்ன வாசனை என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

நான் கார் ஓட்டுகிற முதலாளிக்குத் திருப்பதியில் கல்யாண மண்டபம். அவருக்கும் நம்மைப் போலவே தமிழ்க்காரர்கள் இருக்கிற நகரிப் பக்கம்தான் ஊர். அதனால் என்னிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. அவர் வீட்டில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் நாய், பெட்டை. நாய்களை நிறுத்திப் பார்த்துப் பரிசு கொடுக்கிற போட்டிகள் நடக்கும். சித்தூரில் நடந்த ஒன்றில் அது கோப்பை வாங்கிவிட்டது. அதிலிருந்து முதலாளிக்கு அந்த நாயின் முடிதான் எல்லாம். திருப்பதியிலேயே பெரிய போட்டி வருகிறது என்றதும், நாய்களுக்கு முடி அலங்காரம் செய்கிற ஒருவனைச் சென்னையிலிருந்து வரவழைத்துவிட்டார். அவனை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

மாஸ்டர் கார் ஷெட்டில் மேசை போட்டு வேலையை ஆரம்பித்தான். வெளுப்பதற்கு ஒரு ஷாம்பு. மழமழப்புக்கு ஒரு எண்ணெய் ஸ்ப்ரே. பழுப்பை மறைக்கச் சுண்ணாம்பு மாதிரி ஒரு பவுடர். கடைசியில் முடி விறைத்து நிற்பதற்கு மனிதர்கள் தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே. அதை அடித்தால் ஷெட் முழுக்கப் புகை போல நிற்கும். ரோஜாப்பூவை மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி நெடி. என் தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்தால் அதிலும் அதே நெடி. ஒரு வாய் வைத்துவிட்டு மீதியைக் கொட்டினேன். நாய் தன் மேல் இருப்பதை எங்கே கொட்டும்? அது தன் காலை நக்கும், தும்மும், மறுபடியும் நக்கும். கண் ஓரத்தில் பழுப்பு தெரிந்தால் மாஸ்டர் விரலில் எச்சில் தொட்டுத் துடைப்பான். அதே விரலால் பிஸ்கட் எடுத்துத் தின்பான்.

தினமும் குளிப்பாட்டினார்கள். மேல் முடிதான் காய்ந்தது. அடிமுடி ஈரமாகவே கிடந்தது. அதன் மேலேயே எண்ணெய், பவுடர், ஸ்ப்ரே. ஒரு நாள் நாய் இடுப்புப் பக்கமே திரும்பித் திரும்பிக் கடித்துக்கொண்டிருந்தது. நான் முடியை விலக்கிப் பார்த்தேன். ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் சிவந்து நீர் கசிந்தது.

"சார், புண்ணு மாதிரி இருக்குது. டாக்டர்கிட்ட இட்டுக்கினு போலாமா?" என்றேன்.

"டாக்டருன்னா இன்னா பண்ணுவான் தெரியுமா? மொதல்ல மிஷினை எடுத்து முடிய வழிப்பான்" என்றார் முதலாளி. "இந்த முடி மறுபடி வளர ஒரு வருசம் ஆவும்யா. ஷோவு முடியட்டும்."

அவர் அப்போதுதான் மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மொட்டை போட்டதும் தலையில் சந்தனம் பூசிக்கொள்வது நம் எல்லோருக்கும் வழக்கம்தான், குளிர்ச்சி என்று. மீதிச் சந்தனம் ஒரு கிண்ணத்தில் இருந்தது. முதலாளி தன் தலையைத் தடவிக் காட்டினார்.

"கத்தி பட்ட எடம் எனக்கே ஆறுது, அதுக்கு ஆறாதா? சாமி சந்தனம்யா."

அவர் பாசமாகத்தான் செய்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஈரப் புண்ணில் சந்தனத்தை அப்பியதும் வெள்ளை முடி மஞ்சளாகிவிட்டது. மாஸ்டருக்குக் கோபம். "இன்னா சார், மேக்கப்பைக் கெடுத்துட்டீங்களே" என்று அதன் மேல் பவுடரை அமுக்கினான். பவுடர் உதிராமல் இருக்க ஸ்ப்ரே அடித்தான். புண்ணுக்கு ஒரு மூடி போட்ட மாதிரி ஆயிற்று. மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பவுடர் கரையும் என்று குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டார்கள், ஈக்கள் மட்டும் அந்த இடத்தையே சுற்றின. நாய் கடிக்காமல் இருக்கக் கழுத்தில் அகலமான பட்டை ஒன்றைக் கட்டினார்கள். அது சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஷெட்டில் ரோஜா நெடிக்கு அடியில் இன்னொரு நாற்றம் வந்தது. நாய் நாற்றம் எனக்குப் பழக்கம், அது தேய்த்துக் குளிப்பாட்டினால் போய்விடும். இது வேறு. நான் மறுபடியும் டாக்டர் என்று வாயைத் திறந்தேன். "நோரு மூசுகோரா" என்றார் முதலாளி. வாயை மூடு என்று அர்த்தம். அதற்கு மேல் நான் பேசினால் கார் சாவியைக் கேட்டு வாங்கிவிடுவார்.

போட்டி நாள். காரில் கண்ணாடியை இறக்கக் கூடாது, காற்றில் முடி கலையும் என்று உத்தரவு. ஏசி போட்டுக்கொண்டு அந்த நெடியோடு போனோம். நான் வாயால் மூச்சு விட்டேன். விட்டால் நாக்கில் ஒட்டியது.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் மேசை, மேசை மேல் நாய், நாய் மேல் ஸ்ப்ரே. ஒரு அம்மா மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு தன் நாய்க்கு அடித்துக்கொண்டிருந்தார். நாய்க்கு மூக்கு இல்லையா என்று எனக்குத் தோன்றியது. முடியில் எதுவும் பூசக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாரும் கையை நிறுத்தவில்லை.

எங்கள் நாயின் முறை வந்தது. நடுவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா. பல்லைப் பார்த்தார், காலைத் தடவினார், முதுகில் கையை விட்டார். விரல் இடுப்பில் நின்றது. கையை எடுத்தபோது விரலில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கட்டி. அதை மூக்குக்குக் கொண்டுபோனவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் அந்த இடத்து முடியைப் பிளந்தார். அடை மாதிரி காய்ந்திருந்தது பிய்ந்து வந்தது. அடியில் நொய்யரிசி போலப் புழுக்கள், நெளிந்துகொண்டு. அவற்றின் மேலும் பவுடர்.

பக்கத்தில் நின்ற ஒருவர் "அய்யய்யோ, ஏண்டி இதி!", என்ன இது என்று தெலுங்கில் அலறிக்கொண்டே பின்னால் போனார். நான் பந்தல் ஓரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

நடுவர் திட்டவில்லை. "வெளியே கொண்டு போங்கள், டாக்டர் அங்கே இருக்கிறார்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். போட்டிக்கென்று வந்திருந்த கால்நடை டாக்டர், பந்தலுக்குப் பின்னால் ஒரு சின்னக் கூடாரத்தில் இருந்தார். நாயைப் பார்த்ததும் "முடி முழுக்க எடுக்கணும்" என்றார்.

மாஸ்டர் உள்ளே புகுந்தான். "சார், புண்ணு இருக்கிற எடத்துல மட்டும் எடுங்க. மேல் முடிய எறக்கி வுட்டு ஸ்ப்ரே அடிச்சா ஒண்ணும் தெரியாது. அடுத்த மாசம் பெங்களூர் ஷோவு இருக்குதுல்ல."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஒடம்புல புழு வச்சிக்கினு மேல சென்ட் அடிச்சிக்குவியா?"

மாஸ்டர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். முதலாளிதான் நின்றார். நாய் அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் மொட்டைத் தலையிலிருந்து வேர்வை வழிந்தது. "டாக்டர் சார், வாலு மட்டும் வுட்டுடுங்க. வாலுதான் அதுக்கு அழகு" என்றார், கெஞ்சுகிற மாதிரி.

டாக்டர் வாலைத் தூக்கிக் காட்டினார். அங்கேயும் அதே.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினார். நாயின் முன்காலை அவரே பிடித்துக்கொண்டார். மிஷின் ஓட ஓட முடி முடியாக விழவில்லை, தகடு தகடாக விழுந்தது. கீழே விழுந்தும் நின்ற வாக்கில் நின்றது. கூடாரம் முழுக்க ரோஜா நெடி, அதோடு அழுகல். டாக்டர் ஒவ்வொரு புழுவாக இடுக்கியால் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். மருந்து விட்டுக் கழுவினார், ஊசி போட்டார். பிழைத்துவிடும் என்றார்.

ரோஜாக் கலரில் ஒரு பெரிய எலி மாதிரி நாய் மேசை மேல் நின்று நடுங்கியது. முதலாளி தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தப் போனார்.

"ஒண்ணும் போடாதீங்க" என்றார் டாக்டர். "துணி, சந்தனம், பவுடர், எதுவும் வேணாம். காத்து படட்டும்."

முதலாளி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.