லோரியில் வந்த பள்ளிக்கூடம்

செராஸில் இருக்கும் என் மகள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறாள். எந்தப் பாடநூல் நல்லது, எதில் கணக்கு தெளிவாக இருக்கிறது என்று கணினியில் தேடிக்கொண்டே இருக்கிறாள். இதெல்லாம் புதுசு என்று அவளுக்கு நினைப்பு. “கிள்ளான் வட்டாரத்திலேயே முதன்முதலில் வீட்டில் படித்தவன் நான்தான்மா” என்றேன். “சும்மா அளக்காதீங்கப்பா லா” என்றாள்.

அளக்கவில்லை. இன்று என் பெயர் போட்ட லோரிகள் ஓடுகின்றன. மூன்று மொழியில் பேரம் பேசுவேன். ஆனால் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது ஒரே ஒரு நாள்தான். அன்று பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். பண்டமாரானில் எங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்தவன் நான். பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “இவன் கைநாட்டாவே போயிடுவான்” என்று மட்டும் சொன்னார்.

தாய்மாமா பழைய காகிதம் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வீடு காலி செய்பவர்கள் கட்டுக்கட்டாகப் புத்தகங்களை அவரிடம்தான் போடுவார்கள். “சேத்துக்கலன்னா என்ன மச்சான், பள்ளிக்கூடத்தையே நான் கொண்டாறேன்” என்றவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் லோரியை நிறுத்திப் பின்பலகையை அவிழ்த்துவிட்டார்.

“வேணுங்கறத எடுத்துக்கங்க. மிச்சம் காகித ஆலைக்கு.”

மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்த நேரம். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. சரிந்து விழுந்த புத்தகங்களின் பக்கங்கள் காற்றில் எழும்புவதும் அமர்வதுமாக, பறக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தன. நடுவில் போய் உட்கார்ந்தேன். பழைய காகிதத்தின் வாசனை கண்ணைச் சொக்க வைத்தது.

அப்பா தடிமன் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கப்பல் எந்திரத்தைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “இது பத்து வருசத்துக்குத் தாங்கும்” என்றார். அம்மா பூச்சி அரிக்காததாகப் பார்த்து ஒதுக்கினாள். நான் எடுத்தது உலகப்படப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் நீலம். எழுத்து தெரியாமலே உலகத்தைப் பிடித்தவன் நான். அன்றே அந்த நீலத்தில் எத்தனையோ துறைமுகங்களுக்குப் போய் வந்துவிட்டேன்.

“எல்லாம் சரி மச்சான், இதுல அ, ஆ எங்க இருக்கு?” என்று மாமா சிரித்தார்.

அதைத் தேடி எடுத்தவள் அக்கா. ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அவளுக்குப் பத்திரம் இருந்தது; அப்போது ஐந்தாம் வகுப்பு. மெல்லிய அரிச்சுவடி ஒன்று, கூட்டல் கழித்தல் ஒன்று, எனக்காக எடுத்து வைத்தாள். அப்புறம் குவியலின் அடியிலிருந்து இன்னொன்றை உருவி, பாவாடையில் துடைத்து, முகர்ந்து பார்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வேறு புத்தகத்தைத் தொடவில்லை.

“புஸ்தகம் இருக்கு. சொல்லிக் குடுக்கிறது யாரு?” என்றார் மாமா.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அம்மா பல வீடுகளுக்குப் பாத்திரம் கழுவப் போகிறவள். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். “பொம்பளப் புள்ள, இம்புட்டுப் படிச்சது போதும். நாளையிலேர்ந்து தம்பிகூட வீட்டுலயே இருக்கட்டும்.”

நான் குதித்தேன். நாள் முழுக்க அக்கா வீட்டில்! இப்படி ஒரு பள்ளிக்கூடம் யாருக்குக் கிடைக்கும்?

மாமா மிச்சத்தை அள்ளி ஏற்றத் தொடங்கினார். அக்கா எழுந்து போய், மடியில் இருந்த புத்தகத்தையும் லோரியில் வைத்தாள். அழுத்தி, ஓரமாக, விழாதபடி.

“அட்டை நல்லா இருக்கேக்கா! வச்சிக்கலாம்ல?”

“அது ஆறாம் வகுப்புடா. ஒனக்கு இப்ப வேணாம்.”

படிக்க வேண்டியதில் ஒன்று குறைந்தது என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். லோரி புகை கக்கிக்கொண்டு மஞ்சள் வெயிலுக்குள் போனது. மேலே பக்கங்கள் படபடத்தன. நான் கையாட்டினேன். பக்கத்தில் நின்ற அக்காவும், லோரி வளைவில் மறைந்த பிறகும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குத்தான் ஆட்டுகிறாள் என்று நினைத்தேன்.