கடலுக்குப் போன குரல்

எழுத்தைக் குரலாக்கிக் கொடுக்கும் தொழிலில் வாசிப்பது கணினி, திட்டு வாங்குவது நாம். 'இதுகூடத் தெரியாதா' என்று பிள்ளைகளிடம் பேச்சு வாங்கியபடியே கணினியோடு மல்லுக்கட்டும் என் வயதுக்காரர்களே, இது உங்களுக்கு.

படத்தைப் பார்க்கவும்

தருவைகுளத்துச் சகாயம் மீன்பிடிப் படகில் டிரைவர். கடலுக்குப் போனால் ஒரு வாரம் கரை கிடையாது. மனைவி ஜெனிஃபர் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்தின்போது அவன் கரையில் இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். துறைமுகப் படகில் வேலை கிடைத்தால் தினமும் மாலையில் வீடு. அதற்கு ஒரு வாய்மொழித் தேர்வு இருந்தது. கடலில் உட்கார்ந்து படிக்க முடியாதே என்று, படகோட்டும் விதிகள் அடங்கிய புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தான். மென்பொருளில் போட்டுக் குரலாக்கி, அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். என் வீட்டிலிருந்து ஒரு குரல் கடலுக்குப் போகிறது! அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திரும்பி வந்தவன் முகத்தில் உப்போடு கோபமும் இருந்தது. "எம்மா, போன்ல அந்தப் பொம்பள மூச்சுக்கு மூச்சு படத்தப் பாருங்கா. அங்கன படத்துக்கு நான் எங்க போவேன்? கடலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பதில் வந்தால்தான் அடுத்த பேச்சு

படங்களையெல்லாம் சொற்களாக்கினேன்: வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு. மென்மையான குரலாகத் தேர்ந்து, கவிதை வாசிப்பதுபோல் வரிக்கு வரி இடைவெளி விட்டேன். இன்ஜின் சத்தம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. வயர்லெஸ்ஸில் நாங்கள் எதையும் இரண்டு தடவை சொல்லி, 'கேக்குதா?' என்று கேட்போம், பதில் வந்தால்தான் அடுத்த பேச்சு என்றான் சகாயம்.

அப்படியே செய்தேன். கனத்த ஆண்குரல். ஒவ்வொரு விதியும் இரண்டு தடவை. முடிவில் ஒரு "கேக்குதா?", பதிலுக்குக் கொஞ்சம் மௌனம். அடுத்த பயணத்தில் வலை இழுக்கிறவர்கள்வரை எல்லோரும் "கேக்குது" என்று கத்தியிருக்கிறார்கள். கரைக்கு வந்ததும் படகின் சமையல்காரர் அந்தோணி என்னைத் தேடியே வந்துவிட்டார். "சோறு கொதிக்கையிலயும் கேக்குதாங்கான். நான் போனாலும் பாஸாயிருவேன். சோறுதாம்மா கொழைஞ்சு போச்சு."

எதிரே ஒரு படகு

தேர்வன்று ஜெனிஃபர் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். காப்பியை ஆறவிட்டு இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் சகாயம் வந்தான், முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

எதிரெதிரே படகு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாராம் அதிகாரி. "ரெண்டும் வலப்பக்கம் திரும்பணும், ரெண்டும் வலப்பக்கம் திரும்பணும்" என்று இவன் உரக்கச் சொல்லி, பழக்கத்தில் "கேக்குதா?" என்று அவரையே கேட்டுவிட்டான்.

"கெடுத்தீகளே!" என்று ஜெனிஃபர் தலையில் கைவைத்தாள். "என்ன சொன்னாரு?"

அவர் பழைய கப்பல்காரர். வாயருகே கையைக் குவித்துச் சொன்னாராம்: "கேக்குது, கேக்குது. வேலைக்கு என்னைக்கு வார?"

பதிவைச் சரிபார்க்கும்போது அந்தக் குரல் இப்போதும் 'கேக்குதா?' என்கிறது. அந்த அதிகாரியைப்போல் தர என்னிடம் வேலை ஏதும் இல்லாவிட்டாலும், ஆளில்லாத வீட்டில் ஒரு மரியாதைக்கு நானும் 'கேக்குது' என்று சொல்லிவைக்கிறேன்.