மெட்ராஸுக்குக் கிளம்பிய பை

என் கணவருக்குச் சென்னை அத்துப்படி என்று மதுரை விளாங்குடியில் எங்கள் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், சினிமாவில் சேரப்போகிறேன் என்று வீட்டுக்குத் தெரியாமல் ரயிலேறிப் போய், மூன்று மாதம் கோடம்பாக்கத்தில் இருந்துவிட்டு வந்தவர். வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி, பரீட்சை எழுதி, ஓர் அலுவலகத்தில் கிளார்க் ஆகிவிட்டார். ஆனாலும் அந்த மூன்று மாதத்துக்கான மரியாதை மட்டும் குறையவேயில்லை. தெருவில் யார் மெட்ராஸ் கிளம்பினாலும் முக்கு டீக்கடையில் அவரைப் பார்த்து வழி கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

“அண்ணே, எழும்பூர்ல இறங்கி வடபழனிக்கு எப்படிண்ணே போகணும்?”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். எந்தப் பக்கம் வெளியே வருவது, எந்த நம்பர் பஸ், எந்த ஸ்டுடியோ வாசலில் நின்றால் நடிகர்களின் கார் உள்ளே போவதைப் பார்க்கலாம், எல்லாம் வரும். போனவர்கள் திரும்பி வந்து, “நீங்க சொன்னது கரெக்டா இருந்துச்சுண்ணே” என்பார்கள். சில சமயம், “அந்த பஸ்ஸை இப்ப வேற ரூட்ல விடுறாய்ங்கண்ணே” என்பார்கள். அதையும் விவரமாகக் கேட்டு வைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு வாக்கப்பட்ட நான் வடக்கே திண்டுக்கல்லைத் தாண்டியதில்லை. பிறந்தது நாகமலை புதுக்கோட்டை. கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்ததில், நாகமலையை அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் இந்தப் பக்கமிருந்து பார்க்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் திண்டுக்கல் ரோடு. நாள் முழுக்க வெளியூர் பஸ்கள் போகும். ஒவ்வொரு ஹாரனுக்கும் எனக்கு உள்ளங்காலில் ஊறும். உட்கார்ந்து ஒரு வேலை செய்ய முடியாது. அரிசி களைந்துகொண்டே வாசலுக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புவேன்.

பெரியவள் ஆறாவது முடித்த வருஷம், சித்திரைத் திருவிழா முடிந்ததும் சென்னை போவது என்று முடிவானது. சின்னவளுக்குக் கடல் பார்க்க வேண்டும். பெரியவளுக்கு ஷூட்டிங். எனக்கு எல்லாமே வேண்டும் என்றாலும், ஒன்று மட்டும் மனதில் கிடந்து அரித்தது. ஸ்டுடியோவுக்குள் ஒரு முழுத் தெருவே கட்டி வைத்திருப்பார்களாம். கதவு, ஜன்னல், மாடம் எல்லாம் இருக்குமாம். கதவைத் திறந்தால் உள்ளே வீடு இருக்காதாம். அந்தத் தெருவில் ஒரு தடவை நடந்து, ஒரு கதவையாவது தள்ளிப் பார்த்துவிட வேண்டும்.

அவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் சென்னையை வரைந்தார். கலர் பென்சில் எல்லாம் வைத்து. காலையில் கடற்கரை, பிறகு லைட்ஹவுஸ், மத்தியானம் மிருகக்காட்சி சாலை, மறுநாள் முழுக்க ஸ்டுடியோக்கள். ஒரு வாரமாக அந்தத் தாள் வளர்ந்துகொண்டே போனது. எதிர்வீட்டு அக்காவின் கணவர் வந்து, “ஏர்போர்ட்டை விட்டுட்டீங்களே” என்றார். உடனே ஏர்போர்ட் சேர்ந்தது. திட்டம் போடுவதில் இவரை யாரும் அசைக்க முடியாது. கிளம்புவதில்தான் கோளாறு. இதற்கு முன்னால் இரண்டு முறை இதேபோல சென்னைக்குத் திட்டம் போட்டு, முதல் நாள் சாயங்காலம் ஏதோ ஒன்று வந்து நின்றுபோயிருந்தது.

இந்த முறை லீவு புதன்கிழமையிலிருந்து கிடைத்தது. அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“புதன்கிழமை வடக்கே சூலம்ல?”

“அதுக்குத்தான் பரிகாரம் இருக்கே. கொஞ்சம் பாலைக் குடிச்சிட்டுக் கிளம்புவோம்.”

“பால் எனக்கு வாயு.”

ரயிலுக்குச் சூலம் பார்த்தால் டிரைவர் எப்படிப் போகிறார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. சாஸ்திரத்துக்குச் சாஸ்திரத்தாலேயே பதில் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து, நான்கு பேருக்கும் துணி அடுக்கிய பயணப் பையைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிட்டேன். பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் பையை மட்டும் முன்கூட்டி இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கம். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வைத்த பையை ஊருக்குப் போகத்தான் எடுக்கலாம், வீட்டுக்குத் திருப்பக் கூடாது. அவருக்கு முகம் சின்னதாகிவிட்டது.

எதிர்வீட்டு அக்கா சௌராஷ்டிரா. சேலை வியாபாரம் செய்யும் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, என்னைப் பார்த்ததும் தமிழ். பையை வாங்கி முன்னறை பீரோ மேல் வைத்துவிட்டு, “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று குங்குமம் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வந்து, ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன், லீவு கேன்சல் என்றார். இன்ஸ்பெக்‌ஷனும் முடிந்தது. “கத்திரி வெயில் ஆரம்பிச்சிருச்சு. மெட்ராஸ் வெயிலைப் புள்ளைக தாங்காது. கத்திரி முடியட்டும்” என்றார். மதுரை வெயிலில் வறுபட்டுக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

கத்திரி முழுக்க அந்தப் பை பீரோ மேல் இருந்தது. என் அடுப்படி ஜன்னலில் நின்றால் நேராகத் தெரியும். ரசத்துக்குப் புளி கரைக்கும்போதும் பார்ப்பேன், பாத்திரம் கழுவும்போதும் பார்ப்பேன். எங்கள் நல்ல துணியெல்லாம் அதற்குள் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவர் வெளுத்துப்போன பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போனார். திருநகரில் ஒரு கல்யாணத்துக்கு நான் நூல் சேலையில் போய் நின்றேன்.

“ஏன்டி, பட்டு என்ன ஆச்சு?” என்றாள் என் சித்தி மகள்.

“அது மெட்ராஸ் கிளம்பிருச்சு. நாங்கதான் பின்னாடி போகணும்.”

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் பிடிக்காது. புரண்டு புரண்டு படுப்பேன். இந்த வருஷம் விட்டால் இனி எப்போதும் இல்லை என்று எனக்குப் பட்டது. பெரியவள் வயதுக்கு வந்துவிடுவாள், செலவுகள் வரும், நாகமலையைப் பார்த்தபடியே நான் கிழவியாகிவிடுவேன்.

கத்திரியும் முடிந்தது. பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாள்தான் பாக்கி. ஒரு காலையில் தெளிவாகக் கேட்டேன், எப்போது கிளம்புகிறோம் என்று. அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அடுத்த லீவுக்குப் பாப்போம். நீ போயி அந்தப் பையை எடுத்துட்டு வந்துரு.”

சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

அதே சூட்டோடு எதிர்வீட்டுக்குப் போய்ப் பையைக் கேட்டேன். அக்கா பீரோவிலிருந்து இறக்கினார். கொடுக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

“எங்க கொண்டு போற?”

“வீட்டுக்குத்தான். பயணம் இல்லையாம்.”

“பரஸ்தானம் வச்ச பையை வீட்டுக்குத் திருப்புவியா? அந்தப் பாவத்துக்கு நான் ஆளில்ல. ஊருக்குப் போறதுன்னா சொல்லு, மெயின் ரோடு வரைக்கும் நானே தூக்கிட்டு வாரேன். வீட்டுக்குன்னா தரமாட்டேன். அது பாட்டுக்கு இங்கன இருக்கட்டும்.”

அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் வாசற்படியில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்தேன். தெருவைத் தாண்டினால் வீடு. கதவு திறந்து கிடந்தது, உள்ளே மிக்ஸி தெரிந்தது, காய்ந்த துணி மடிக்காமல் கிடந்தது. பயணத்துக்கு வைத்த பணமும் பைக்குள் என் பட்டுச் சேலை மடிப்பில் இருக்கிறது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“அக்கா, மெயின் ரோட்டுக்கே வாங்க” என்றேன்.

பிள்ளைகளைக் கூப்பிட்டு முகம் கழுவச் சொல்லித் தலை வாரிவிட்டேன். அவசரத்தில் சின்னவளுக்கு வகிடு கோணலாகிவிட்டது. வீட்டைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன். பஸ் ஸ்டாப்புக்குப் போக டீக்கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பையனுக்கு இன்டர்வியூவுக்குப் போகச் சைதாப்பேட்டை வழி சொல்லிக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

“நாங்க மெட்ராஸ் போறோம். எங்களுக்கும் வழி சொல்லுங்க” என்றேன்.

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டு, “அண்ணே, அண்ணி கேக்குறாங்கள்ல, சொல்லுங்கண்ணே” என்றார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. வெளிறிப்போய் இருந்தது. மாட்டுத்தாவணி பஸ் வந்தது. பிள்ளைகளை ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். அக்கா ஜன்னல் வழியாகப் பையை உள்ளே தள்ளினார். பஸ் நகர்ந்தபோது பின்படியில் யாரோ ஓடிவந்து தொற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வீட்டுச் செருப்போடு அவர்.

மாட்டுத்தாவணியில் சென்னை பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாங்கள் உட்கார்ந்தோம். பக்கத்துச் சீட்டில் அவர். மேலூர் போனது, துவரங்குறிச்சி போனது, விராலிமலை போனது. நான் பார்த்தேயிராத ஊர்கள். ஒன்றையும் சரியாகப் பார்க்க முடியவில்லை, கண் அவர் மேலேயே போய் நின்றது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவேயில்லை.

திருச்சியில் பஸ் நின்றதும் எழுந்து இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான், இங்கிருந்து மதுரைக்குத் திரும்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தனியாகப் போய்விட முடியும் என்று கிளம்பியவள்தான் நான், ஆனால் அந்த நேரத்தில் அவர் திரும்பி வர வேண்டும் என்று என் மனசு கெஞ்சியது. டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். கடைசியில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வந்தார். சீட்டில் உட்காராமல் என் பக்கத்திலேயே நின்றார்.

“அந்தா தெரியுதுல, அதுதான் ஜங்ஷன். இங்கதான் இறங்குனேன்” என்றார்.

“எப்ப?”

“அப்ப. சினிமாவுக்குன்னு ரயில் ஏறுனப்ப. அம்புட்டுப் பெரிய ஊருல போயி யாரு முன்னாடி நிக்கிறதுன்னு பயம் வந்துருச்சு. இறங்கிட்டேன். மூணு மாசமும் இந்தா, இந்தப் பக்கத்து ஹோட்டல்லதான் இலை எடுத்தேன்.”

“அப்ப கோடம்பாக்கம்?”

“சாப்பிட வர்றவங்க பேசுனது. அப்புறம் நம்ம தெருக்காரங்க போயிட்டு வந்து சொன்னது.” கையிலிருந்த சீப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இதுக்கு மேல எனக்கு வழி தெரியாது. புள்ளைக முன்னாடி எப்படி நிப்பேன்னுதான்…”

பன்னிரண்டு வருஷமாக என்னையும் சேர்த்து ஒரு தெருவையே ஏமாற்றியிருக்கிறார். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பாசம்தான், அதைக் காட்டத் தெரியாமல் ஒரு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தேன். பஸ் கிளம்பியது. அவர் இறங்கவில்லை.

காவிரிப் பாலம் தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் சரிபார்த்துக்கொண்டு வந்தார். இவரைவிட இளையவர்.

“அண்ணே” என்றார் என் கணவர். “நாங்க மெட்ராஸைப் பாத்ததே இல்ல. கோடம்பாக்கம் போகணும்னா எங்கண்ணே இறங்கணும்?”

பெரியவள் வெடுக்கென்று திரும்பினாள். “அப்பா, உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதுத்தா” என்றார்.

கண்டக்டர் ஒரு சீட்டில் சாய்ந்து நின்று வழி சொல்ல ஆரம்பித்தார். டீக்கடையில் தன்னிடம் வழி கேட்பவர்களைப் போலவே, என் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.