கைகுடு மாஸ்டர்

கனகசுந்தரம் மாஸ்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நாற்பது சொல்வேன். பதினெட்டு வருடம் அவர் விசில் ஊதினார், நான் கோட்டோரம் கொடி பிடித்தேன். முந்தலிலிருந்து கற்பிட்டிப் பக்கம் வரை மைதானம் மைதானமாக என்னுடைய முச்சக்கர வண்டியில்தான் போய் வந்தோம். ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது நல்லதை அல்ல. அந்த மனிசன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. என் மேலும்தான்.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைக்க வேண்டாம். ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர். உதைபந்தாட்ட நடுவர் என்பதால் பிள்ளைகள் மாஸ்டர் என்றார்கள், ஊரும் அப்படியே கூப்பிட்டது. ஒல்லியான ஆள். அவர் கதைப்பது பக்கத்தில் நிற்பவனுக்கே சரியாகக் கேட்காது. சட்டைப் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வைத்திருப்பார். சிவப்பு அட்டையின் பின்பக்கத்தில் கோல் போட்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வார். அந்த அட்டைக்கு அவர் கொடுத்திருந்த வேலை அது ஒன்றுதான்.

யாரையும் வெளியே அனுப்ப மாட்டார். பொடியன்கள் ஆளுக்காள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பேரையும் மைதானத்தின் நடுவுக்குக் கூட்டி வருவார். “கைகுடு. விசில் ஊதியாச்சு, கோவமும் முடிஞ்சுது” என்பார். கைகொடுப்பார்கள், சனம் கைதட்டும். பிறகு போட்டிகளை நடத்தும் லீக்குக்கு அனுப்பும் அறிக்கையில் ‘ஒழுங்கீனச் சம்பவங்கள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். கைகுடு மாஸ்டர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பெருமை வேறு.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில், எதிரணிக்காரனுக்கு அறைந்தார் என்று அவருக்கு ஐந்து வருடத் தடை விதித்தார்கள். தடை முடிந்தபோது கல்யாணமும் ஆகி, ஐஸ் தொழிற்சாலைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். “ஒரு அட்டையால என்ட விளையாட்டு முடிஞ்சுது நளீம். நான் ஒரு பிள்ளைக்கும் அதைச் செய்ய மாட்டன்” என்று வண்டியில் வரும்போது சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

சிவகரன் பதினைந்து வயதில் விளையாட வந்தான். நல்ல ஆட்டக்காரன், அதை மறைக்க முடியாது. இடது காலால் அடித்தானென்றால் கோல்காப்பாளர் அசைய முன்னமே பந்து வலைக்குள் கிடக்கும். ஆனால் யாராவது அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போய்விட்டால் போதும், அவனுக்குக் கண் மண் தெரியாது. முதல் தடவை முழங்கையால் ஒருவனின் மூக்கை உடைத்தான். நான் கொடியைத் தூக்கினேன், மாஸ்டர் கையைக் காட்டி இறக்கச் சொன்னார். கைகுடு. இரண்டாம் தடவை மூலையில் நட்டிருந்த கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஒருவனைத் துரத்தினான். கைகுடு. மூன்றாம் தடவை எத்தாளை மைதானத்தில், விழுந்து கிடந்த பிள்ளையின் வாயில் உதைத்தான். இரண்டு பல் போனது. அதற்கும் கைகுடு. அந்தப் பிள்ளை வாயில் இரத்தத்தோடு கையை நீட்டியது. கைகொடுத்தால் பல் முளைக்குமா?

அன்றைக்குத் திரும்பி வரும்போது கேட்டேன்.

“மாஸ்டர், இது சரியில்ல. இவனை நிப்பாட்டோணும்.”

“பதினாறு வயசு, நளீம். இப்ப நிப்பாட்டினா அவன் எங்க போவான்?”

“பல்லுப் போன பிள்ளை எங்க போகும்?”

அவர் சிவப்பு அட்டையை எடுத்துக் கோல் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார். நானும் அதோடு விட்டேன். லீக்குக்கு நானே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். கொடி பிடிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று இருந்துவிட்டேன்.

போன ஓகஸ்ட் மாதம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சுற்றுப்போட்டியின் அரையிறுதி. சிவகரனுக்கு அப்போது பதினேழு. எதிரணியில் கிரிசாந்த் என்று ஒரு சின்னப் பொடியன், வயது பதினாறு, அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவன். தகப்பன் கட்டாரில் வேலை. தாய் பூமணி கருவாடு போட்டு விற்கிறவள், மகனின் ஒரு ஆட்டத்தையும் தவறவிட மாட்டாள். அன்றைக்கும் வந்திருந்தாள்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. கிரிசாந்த் பந்தைச் சிவகரனின் இரண்டு காலுக்கும் நடுவால் தள்ளிவிட்டு ஓடிப் போய் வலைக்குள் அடித்தான். சனம் சிரித்த சிரிப்பு பெரிய சிரிப்பு. ஆனால் பந்து அவனுக்கு வந்தபோதே அவன் ஓஃப்சைட்டில் நின்றதால் நான் கொடியைத் தூக்கியிருந்தேன். மாஸ்டர் விசில் ஊதினார். கிரிசாந்துக்கு அதுவும் பகிடிதான். கோட்டோரமாக மெல்ல ஓடி என்னிடம் வந்து, “நளீம் நானா, உங்களுக்குக் கண்ணாடி வாங்கித் தரட்டா?” என்றான்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிவகரன் பின்னாலிருந்து பாய்ந்து வந்து இரண்டு கையாலும் அவன் முதுகில் அறைந்து தள்ளினான். மைதானத்தின் ஓரத்தில் தண்ணீர் ஓடக் கட்டிய சீமெந்துக் கான் இருக்கிறது. அதன் விளிம்பில் கிரிசாந்தின் வலது தோளும் கழுத்தும் போய் மோதின. மூன்று எட்டு தூரத்தில் நின்றேன். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

மாஸ்டர் ஓடி வந்தார். பதினெட்டு வருடப் பழக்கம் மனிசனை விடவில்லை. சிவகரனின் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

“எழும்பு மகன். கைகுடு.”

கிரிசாந்த் மல்லாந்து கிடந்தான். “மாஸ்டர், என்ட கை எங்க இருக்குதெண்டு தெரியல்ல” என்றான்.

கை அவனுடைய விலாப் பக்கத்திலேயே கிடந்தது.

என் வண்டியில்தான் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு அறுந்துவிட்டன என்று டொக்டர் பூமணியிடம் சொன்னார். கொழும்பில் ஒப்பரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் எழுதுகிற கையாக அது திரும்பி வராது என்றார். பூமணி நேரே பொலிஸுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சிவகரனுடைய கழகத்தின் தலைவர் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார், நானும் அங்கே இருந்தேன். இறால் பண்ணைக்காரர், மரியாதையாகக் கதைக்கத் தெரிந்த மனிசர்.

“மாஸ்டர், ஓடி வரக்குள்ள தட்டுப்பட்டதெண்டு எழுதுங்க. ரெண்டு பொடியனும் ஆஸ்பத்திரியில வச்சுக் கைகுடுத்திட்டா பூமணியும் அடங்கிப் போகும். நீங்க எப்பவும் செய்யிறதுதானே.”

கடைசி வார்த்தையில் மாஸ்டரின் முகம் செத்துப் போனது. ஆனால் முடியாது என்று அவர் சொல்லவில்லை. எல்லாம் அவருடைய அறிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தற்செயல் என்று எழுதினால் சிவகரன் இறுதியாட்டத்தில் இறங்குவான், பூமணியின் முறைப்பாட்டுக்கும் பலமிருக்காது. உள்ளதை எழுதினால், முன்னே எழுதிய மூன்று ‘இல்லை’யும் வெளியே வந்து நாறும். ஊர் அவருக்கு வைத்த நல்ல பெயரெல்லாம் அதோடு சரி.

மறுநாள் பகல் நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்கு எல்லோரும் போனோம். சிவகரன் புதுச் சட்டை போட்டு, கையில் அப்பிள் பையோடு வந்திருந்தான். பூமணி கட்டிலோரம் கதிரையில் இருந்தாள், எழும்பவில்லை. தலைவர் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

“கிரிசாந்த் மகன்...” என்று தொடங்கிய மாஸ்டருக்கு மேற்கொண்டு வரவில்லை.

“சொல்லுங்க மாஸ்டர்,” என்றாள் பூமணி. “கைகுடு எண்டு சொல்லுங்க. ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

கிரிசாந்த் இடது கையால் தன் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்தான். அதைத் தூக்கிச் சிவகரனின் கையில் வைத்தான்.

“இந்தா, பிடி. இதுதானே உங்களுக்கு வேணும்.”

சிவகரன் பிடித்தான். அந்த விரல்கள் மூடவில்லை. பயந்து போய் விட்டுவிட்டான். கை கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ணங்கென்று போய் விழுந்தது. கிரிசாந்த் முகம் சுளிக்கவில்லை, அவனுக்கு நோவே தெரியவில்லை. பூமணிதான் அதை எடுத்துத் தலையணையில் வைத்தாள்.

மாஸ்டர் வெளியே வந்து என் வண்டியின் பின்சீட்டில் ஏறினார். “நளீம், எழுதக் கடதாசி இருக்கா?” என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்து நான்கு பக்கம் எழுதினார். பழைய சம்பவங்களின் தேதிகளை என்னிடம் கேட்டார். மூன்றும் எனக்கு நினைவிருந்தன. நினைவிருந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசி வரியில், ‘மூன்று முறையும் இல்லை என்று எழுதியவன் நான்’ என்று முடித்துக் கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே நானும் வைத்தேன்.

லீக் விசாரணை வைத்தது. சிவகரனுக்கு ஐந்து வருடத் தடை. நடுவர் பட்டியலிலிருந்து மாஸ்டரின் பெயரை எடுத்தார்கள், என் கொடியும் போனது. பொலிஸ் வழக்கு இன்னும் நடக்கிறது. எங்களை எடுத்தது எனக்குச் சரியாகவே பட்டது. விசாரணை நாளில், சொல்ல ஏதும் உண்டா என்று சிவகரனைக் கேட்டார்கள். அவன் தலைவரைப் பார்க்கவில்லை, மாஸ்டரைத்தான் பார்த்தான்.

“மூண்டு தரமும் மாஸ்டர் கைகுடு எண்டார், குடுத்தன். சரியெண்டு போகச் சொன்னார். இதுவும் அப்பிடித்தான் முடியுமெண்டு நினைச்சன்.”

பொய்யில்லை. அந்த அறையில் அன்றைக்கு யாரும் சொன்னதில் அதுதான் பெரிய உண்மை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவன் மாஸ்டரிடம் வந்து கையை நீட்டினான். அவனுக்கு வேறு என்ன தெரியும்? நாங்கள் பழக்கியது அதைத்தானே. மாஸ்டர் தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம் மகன். போய்ப் பூமணியின்ட வாசல்ல நில்லு. அவ ஏசினாலும் கேட்டுக்கொண்டு நில்லு. கைகுடுத்திட்டு ஓடி வராத.”

சிவகரன் இன்றுவரை அந்த வாசலுக்குப் போகவில்லை. மாஸ்டர்தான் ஒவ்வொரு ஞாயிறும் போய் நிற்கிறார், நான் அவள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முனையில் வண்டியை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கிரிசாந்த் இடது கையால் எழுதிப் பழகுகிறான் என்று கேள்வி. பூமணி இன்னும் ஒரு நாளும் கதவைத் திறக்கவில்லை.