எருமைகளை விற்ற வருடம்

எழுபதுகளின் கடைசியில் கலியாணம் முடித்து, சம்மாந்துறையில் என் மனைவியின் வீட்டுக்குக் குடிபோனேன். அதற்கு முன்பு அக்கரைப்பற்றில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். வயலைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம், பேசியது அதிகம்.

மனைவியின் வாப்பாவை மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு ஆறு ஏக்கர் வயலும் எட்டு எருமைகளும் இருந்தன. அறுத்த கதிரை முதலில் பெரிய குவியலாக அடுக்குவார்கள். அதற்குச் சூடு என்று பெயர். பிறகு சூட்டைப் பிரித்துக் களத்தில் பரப்பி, எருமைகளைப் பிணைத்து அதன்மேல் சுற்றிச் சுற்றி நடக்க விடுவார் மாமா. ஒரு சூடு மிதித்து முடிய இரண்டு நாள் போகும். எருமை வாலைத் தூக்கினால், சாணம் நெல்லில் விழாமல் வைக்கோலை ஏந்திப் பிடிக்க வேண்டும். என் முதல் அறுவடையில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான். கூச்சத்தில் செத்துப்போனேன்.

அந்த வருடம் பக்கத்து வயலுக்கு உழவு மெசின், அதுதான் டிராக்டர், வந்தது. களத்தில் பரப்பிய கதிர்மேல் வட்டமடித்து, காலையில் தொடங்கிய சூட்டை நடுப்பகல் ழுஹர் தொழுகைக்கு முன் முடித்துவிட்டுப் போனது. நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"வருசம் முழுக்க மேய்ச்சிக் காவல் காக்கிறம். வேலை என்னமோ ரெண்டு கிழமைதான். வித்திருவம் மாமா."

"டயர் ஏறினா நெல்லு நொறுங்கும் மருமகன்."

"கொஞ்சந்தானே நொறுங்கும்."

மாதக்கணக்காக இதையே சொன்னேன். என் மனைவியும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். கடைசியில் மாவடிப்பள்ளிக்காரர் ஒருவர் வந்து எட்டையும் ஓட்டிக்கொண்டு போனார். மாமா வீட்டு வளவுக்குள் நின்றுகொண்டார், வாசலுக்கு வரவில்லை.

அடுத்த பெரும்போகம் நன்றாக விளைந்தது. மூன்று சூடு வைத்தோம். திங்கட்கிழமை மெசின் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மழை பிடித்தது. அது மழைக்கான மாதமே அல்ல. ஐந்து நாள் விடாமல் கொட்டியது.

ஆறாம் நாள் கொஞ்சம் வெளித்ததும் ஓடிப்போய் மெசினைக் கூட்டிவந்தேன். வாய்க்கால் கட்டிலிருந்து வயலுக்கு இறங்கியதும் பின் சில்லுகள், அந்தப் பெரிய சக்கரங்கள், பாதிவரை புதைந்தன. வைக்கோல் போட்டோம், பலகை போட்டோம், தள்ளினோம். சேறு என் முகத்தில் அடித்ததுதான் மிச்சம். இன்னொரு மெசின் வந்து இழுத்து எடுத்த பிறகு, சாரதி கீழே இறங்கி என்னைப் பார்த்தான்.

"களத்துக்கு வந்தாலும் ஒண்டும் செய்ய ஏலா. ஈரத்தில சில்லு சுத்தினா உங்கட நெல்லு சேத்துக்குள்ளதான் போகும்."

அவன் போய்விட்டான். நான் சூட்டுக்குள் கையை விட்டேன். உள்ளே ஆவி பறக்கும் சோறுபோலச் சுட்டது. வெளியே எடுத்த கதிரில் வெள்ளையாக முளை தெரிந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போனேன். எங்கள் எருமைகள் அங்கே தூறலுக்குள் நடந்துகொண்டிருந்தன. ஈரக் களத்தில் வைக்கோலைத் தடிப்பாக விரித்து, அதன்மேல் மெல்ல மெல்ல மிதிக்க விட்டிருந்தார் அந்த மனிதர். நெல் கழன்றுகொண்டிருந்தது. மூத்தவர் என்று காக்கா முறை வைத்துக் கேட்டேன்.

"நாலு மாடு தந்தாலும் போதும் காக்கா. அல்லாஹ்வுக்காகச் சொல்றன்."

"என்ட நெல்லும் முளைக்குது தம்பி. இன்னம் ஒரு சூடு கிடக்கு. நாளையிண்டைக்குக் கொண்டு வாறன்."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை.

திரும்பி வந்தபோது மாமாவும் மாமியும் என் மனைவியும் களத்தில் நின்றார்கள். பாய்களை விரித்து, கதிரைக் கட்டுக்கட்டாகப் பலகையில் அடித்தோம். காலால் மிதித்தோம். நனைந்த கதிர் நெல்லை விடவேயில்லை. என் உள்ளங்கால் கிழிந்தது. மனைவி அடித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அடித்தாள். மறுநாள் பகல் திரும்பவும் மழை. ஒரு சூட்டைத்தான் ஒருவாறு ஒப்பேற்றினோம். மற்ற இரண்டும் கறுத்து, பச்சை முளையால் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

சொன்னபடி இரண்டாம் நாள் மாவடிப்பள்ளிக்காரர் நாலு எருமையோடு வந்தார். மாமா சூட்டைக் காட்டினார். அவர் ஒரு பிடி இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மாடுகளைத் திருப்பினார்.

"எல்லாம் என்னால வந்தது மாமா," என்றேன்.

"மழையையும் நீங்களா கொண்டுவந்த?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வருடம் முழுக்க, ஒப்பேற்றிய அந்த ஒரு சூட்டு அரிசியைத்தான் தின்றோம். மாமி மூன்று தண்ணீரில் கழுவியும் புளித்த வாடை போகவில்லை. மாமா சோற்றுக் கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்பார். எனக்கு இறங்காது.

அடுத்த அறுவடைக்கு மெசின்காரனிடம் மாமாவே போய்ப் பேசிவிட்டு வந்தார். வேறு வழி இருக்கவில்லை. அந்த முறை நல்ல வெயில்; மூன்று சூடும் இரண்டே நாளில் முடிந்தன. நான் ஓரமாக நின்று சாக்குப் பிடித்தேன். மெசினைப் பற்றி வாயே திறக்கவில்லை.